ஒரு சதவீத மாங்கனீசு: ஒளிரும் நானோ பொடி செய்ய நினைப்பவர்களுக்கு

போன டிசம்பரில் ஒரு மாணவி கண் கலங்கி என் மேசை முன்னால் வந்து நின்றாள். "மேம், மூணு தடவை பண்ணிட்டேன். ஒளிரவே மாட்டேங்குது." ஒரு கையில் கண்ணாடிச் சோதனைக்குழாய், உள்ளே நீர்மோர் மாதிரி வெள்ளைத் திரவம். இன்னொரு கையில் ஆன்லைனில் வாங்கிய புற ஊதா டார்ச். அவள் செய்த பொருளில் ஒரு குறையும் இல்லை. குறை டார்ச்சிலும் குழாயிலும் இருந்தது.

மாங்கனீசு மாசூட்டிய துத்தநாக சல்ஃபைடு நானோ துகள்தான் அவளுடைய ப்ராஜெக்ட். நாகர்கோவில் பக்கம் ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறேன். வருஷத்துக்கு இரண்டு பேராவது இதே தலைப்போடு வருவார்கள். செலவு குறைவு, அடுப்பு வேண்டாம், ஒரே மதியத்தில் பொடி கிடைத்துவிடும். செய்வது சுலபம். செய்ததைப் பற்றி உண்மையை எழுதுவதுதான் கஷ்டம். அதனால் இதில் பாதி செய்முறை, மீதி ஏமாறாமல் இருக்கும் முறை.

டார்ச்சை முதலில் முடித்துவிடுகிறேன். தேள் பிடிக்க விற்கும் டார்ச் பெரும்பாலும் 395 நானோமீட்டர். ரூபாய் நோட்டு பார்க்கும் விளக்கு 365. அலைநீளத்தால் 1240-ஐ வகுத்தால் எலக்ட்ரான் வோல்ட்டில் ஆற்றல் கிடைக்கும். 395-க்கு 3.1, 365-க்கு 3.4. துத்தநாக சல்ஃபைடின் ஆற்றல் இடைவெளி (எலக்ட்ரானை மேலே ஏற்றத் தேவைப்படும் குறைந்தபட்ச ஆற்றல்) பெரிய படிகத்திலேயே 3.7 பக்கம், அதாவது 335 நானோமீட்டர். துகளை 3 நானோமீட்டருக்குச் சிறிதாக்கினால் இடைவெளி 4-ஐ ஒட்டிப் போய்விடும். அப்போது 310 நானோமீட்டரோ அதற்குக் கீழோ உள்ள ஒளி வேண்டும். 365 டார்ச்சில் சில சாம்பிள்கள் மங்கலாக ஒளிரலாம். படிகக் குறைபாடுகளால் இடைவெளிக்குள் நீளும் உறிஞ்சலின் வால்தான் அதற்குக் காரணம். அதை நம்பி ஒரு பொடியைத் தேறியது, தேறாதது என்று முடிவு செய்யக்கூடாது.

வேதியியல் துறைக்காரர்களிடம் மெல்லிய அடுக்கு வண்ணப்பிரிகைக்கு ஒரு புற ஊதாப் பெட்டி இருக்கும். 254, 365 என்று இரண்டு சுவிட்ச். 254-ஐப் போடுங்கள். சாம்பிளைக் கண்ணாடிக்குழாயில் வைக்காதீர்கள், சாதாரணக் கண்ணாடி 254-ஐ விழுங்கிவிடும். வடிதாளில் ஒரு சொட்டு விட்டுக் காய வைத்து, தாளை அப்படியே பெட்டிக்குள் வையுங்கள். பார்ப்பது ஜன்னல் வழியாக மட்டும். 254 கண்ணையும் தோலையும் சுட்டுவிடும், வலி சில மணி நேரம் கழித்துத்தான் தெரியும். அந்தப் பெண் ஐந்தே நிமிஷத்தில் ஆரஞ்சுப் பொட்டு ஒன்றைப் பார்த்துவிட்டு, மூன்று தடவை கொட்டிய சாம்பிள்களை நினைத்து மறுபடி அழுதாள்.

உள்ளே என்ன நடக்கிறது

மாசு என்றால் வீட்டில் துடைத்தெறிய வேண்டியது. குறைக்கடத்தி ஆய்வகத்தில் அதை எடைபோட்டு ஊட்டுகிறோம். பிளஸ் டூவில் படித்த மாசூட்டல் நினைவிருக்கும்: சிலிக்கானில் பாஸ்பரஸ் சேர்த்தால் கூடுதல் எலக்ட்ரான், போரான் சேர்த்தால் துளை. அந்தப் படத்தை இங்கே அப்படியே ஒட்ட வைக்காதீர்கள். துத்தநாகம் இரண்டு நேர்மின்சுமை, மாங்கனீசும் இரண்டு. துத்தநாகத்தின் இருக்கையில் மாங்கனீசு வந்து உட்கார்ந்தால் எலக்ட்ரானும் கூடாது, துளையும் கூடாது. மின்கடத்தலில் ஒன்றும் நடக்காது. மாறுவது ஒளி.

புற ஊதா ஒளியை உறிஞ்சுவது துத்தநாக சல்ஃபைடு. எலக்ட்ரானும் துளையும் ஜோடியாகப் பிறக்கின்றன. மாசு இல்லாவிட்டால் அவை கந்தகம் விட்டுப்போன வெற்றிடம் போன்ற குறைபாட்டில் சிக்கி, 420 முதல் 450 நானோமீட்டர் பக்கம் மங்கலான நீலத்தைக் கொடுக்கும். மாங்கனீசு உள்ளே இருந்தால் ஜோடியின் ஆற்றல் அதற்குக் கைமாறும். மாங்கனீசின் ஐந்து டி எலக்ட்ரான்கள் ஒரு படி ஏறி, இறங்கும்போது 590 நானோமீட்டர் பக்கம், சுமார் 2.1 எலக்ட்ரான் வோல்ட்டில், ஆரஞ்சு ஒளியை விடும். எலக்ட்ரானின் சுழற்சி மாற வேண்டியிருப்பதால் இந்த இறக்கம் விதிப்படி தடை செய்யப்பட்டது. தடையை மீறி நடப்பதால்தான் மெதுவாக நடக்கிறது. ஏறிய ஆற்றல் மில்லி வினாடிக் கணக்கில் அங்கேயே தங்கும். நீல ஒளியோ நானோ வினாடிகளில் முடிந்துவிடும். இந்த வேக வித்தியாசத்தைப் பின்னால் பயன்படுத்தப் போகிறோம்.

இன்னொன்று. துகள் சிறிதானால் உறிஞ்சும் விளிம்பு நகரும். ஆரஞ்சு பீக் கிட்டத்தட்ட நகராது. அந்த இறக்கம் மாங்கனீசு அயனிக்குள்ளேயே முடிவது, துகளின் சுவர் எங்கே இருக்கிறது என்பது அதற்குப் பெரிதாகத் தெரியாது. ஆக உங்கள் கையில் இரண்டு திருகுகள்: அளவு ஒன்று, மாசு ஒன்று. எந்தத் திருகு எதை மாற்றியது என்று பிரித்துச் சொல்ல முடிந்தால் ப்ராஜெக்ட் முடிந்தது. பெரும்பாலான ரிப்போர்ட்டுகள் இரண்டையும் சேர்த்துக் குழப்பி, கடைசியில் "மாசூட்டலால் ஏற்பட்டது" என்று ஒரே வரியில் மூடிவிடுகின்றன.

எடை போடுவதும் கலப்பதும்

ஒரு சாம்பிளுக்கு மொத்த உலோகம் 5 மில்லிமோல் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சதவீத மாங்கனீசு என்றால் 0.05 மில்லிமோல். நான்கு நீர் மூலக்கூறுள்ள மாங்கனீசு அசிடேட்டில் அது 12 மில்லிகிராம். நம் கல்லூரித் தராசில் 12 மில்லிகிராமை எடுப்பது மின்விசிறிக்குக் கீழே திருநீறு எடுப்பது மாதிரி. வேண்டாம். 0.245 கிராம் எடுத்து 100 மில்லிலிட்டரில் கரைத்து ஒரு தாய்க்கரைசல் வையுங்கள், அது 0.01 மோலார். ஒரு சதவீதத்துக்கு அதில் 5 மில்லிலிட்டர், இரண்டுக்கு 10, ஐந்துக்கு 25, அரைக்கு 2.5. பிப்பெட்டில் எடுத்தால் போதும். துத்தநாக அசிடேட், இரண்டு நீர் மூலக்கூறுள்ளது, ஒரு சதவீத சாம்பிளுக்கு 4.95 மில்லிமோல், 1.087 கிராம். இரண்டு சதவீதத்துக்கு 1.076 கிராம். உலோகக் கரைசலின் மொத்தக் கனஅளவு எல்லாச் சாம்பிளிலும் 50 மில்லிலிட்டராக இருக்கட்டும்.

நைட்ரேட் உப்புதான் அலமாரியில் இருக்கிறது என்றால் அதிலும் செய்யலாம், கழுவுவதில் சோம்பல் மட்டும் கூடாது. நைட்ரேட் அயனிக்கு 300 நானோமீட்டர் பக்கம் ஒரு சின்ன உறிஞ்சல் உண்டு. நம் சாம்பிளின் விளிம்பும் அங்கேதான். கழுவாத நைட்ரேட்டை "எக்ஸிட்டான் பீக்" (எலக்ட்ரான்-துளை ஜோடியின் உறிஞ்சல் முகடு) என்று எழுதி, வைவாவில் பெருமையாக விளக்கிய ரிப்போர்ட் ஒன்று எங்கள் துறை அலமாரியில் இருக்கிறது.

சோடியம் சல்ஃபைடுதான் வில்லன். ஒன்பது நீர் மூலக்கூறுள்ளது, காற்றில் ஈரம் இழுக்கும், பழையது மஞ்சளாகிக் கட்டிபட்டுப் போகும். கட்டியை உடைத்து எடைபோட்டால் நீங்கள் எழுதும் மோல் கணக்கு பொய். புது பாட்டிலில் வெள்ளையாக இருக்கும் படிகங்களை எடுங்கள். 5 மில்லிமோலுக்கு 1.20 கிராம்; நான் 1.32 எடுப்பேன், பத்து சதவீதம் கூடுதல். காரணம் உண்டு. துத்தநாக சல்ஃபைடு, மாங்கனீசு சல்ஃபைடைவிடப் பல மடங்கு குறைவாகக் கரைவது. சல்ஃபைடு பற்றாக்குறையானால் துத்தநாகம் முந்திக்கொண்டு பந்தியில் உட்கார்ந்துவிடும், மாங்கனீசு தண்ணீரிலேயே நின்றுவிடும். அதைக் கழுவி ஊற்றிவிட்டு "2 சதவீத சாம்பிள்" என்று லேபிள் ஒட்டுவீர்கள்.

காய்ச்சி வடித்த தண்ணீரைக் கொதிக்கவைத்து மூடி ஆறவிடுங்கள். நைட்ரஜன் சிலிண்டர் இருந்தால் இருபது நிமிஷம் குமிழி விடலாம். சோடியம் சல்ஃபைடு கரைசல் காரமானது, காரத்தில் ஆக்ஸிஜன் கிடைத்தால் மாங்கனீசு பழுப்பாகிவிடும். வீழ்படிவில் தேநீர்க் கறை மாதிரி நிறம் தெரிந்தால் உங்கள் மாங்கனீசு படிகத்துக்குள் போகவில்லை, ஆக்ஸைடாகி வெளியே நிற்கிறது. அந்தத் தொகுதியைக் காப்பாற்ற முயலாமல் புதிதாகத் தொடங்குங்கள்.

துகள் வளராமல் தடுக்க மேற்பூச்சு ஒன்று வேண்டும். தயோகிளிசரால் நன்றாக வேலை செய்யும், ஆனால் அந்த நாற்றத்துக்கு மாடி முழுக்க நம்மைத் திட்டும். நான் சோடியம் ஹெக்ஸாமெட்டாபாஸ்பேட் போடுகிறேன், 50 மில்லிலிட்டருக்கு 2 கிராம். மலிவு, மணமில்லை. உலோகக் கரைசலில் இதை முதலில் கரைத்து, காந்தக் கலக்கியில் வைத்து, மேலே பியூரெட்டிலிருந்து சல்ஃபைடு கரைசலைச் சொட்டுச்சொட்டாக அரை மணி நேரம் விடுங்கள். அவசரப்பட்டுப் பீக்கரைக் கவிழ்த்தால் முதலில் பிறந்த துகளும் கடைசியில் பிறந்ததும் வேறு வேறு அளவில் இருக்கும். விட்டு முடித்ததும் இன்னும் ஒரு மணி நேரம் கலக்குங்கள்.

சென்ட்ரிஃபியூஜில் தண்ணீரால் மூன்று முறை, எத்தனாலால் ஒரு முறை கழுவி, 60 டிகிரியில் இரவு முழுக்க உலர்த்துங்கள். அங்கேயே நிறுத்துங்கள். "படிகத்தன்மை கூடட்டும்" என்று மஃபில் உலையில் 500 டிகிரிக்கு வைக்கிறார்கள். காற்றில் அந்த வெப்பத்தில் சல்ஃபைடு ஆக்ஸைடாக மாறத் தொடங்கிவிடும். எக்ஸ் கதிர் விளிம்பு விளைவில் 28.5, 47.5, 56.3 டிகிரியில் அகலமான மூன்று மேடுகள் இருந்தால் உங்களிடம் இருப்பது கனசதுரத் துத்தநாக சல்ஃபைடு. 31.8, 34.4, 36.2-ல் கூர்மையாக மூன்று கம்பிகள் நின்றால் அது துத்தநாக ஆக்ஸைடு. பார்க்க அழகாக இருக்கும், தலைப்பைத்தான் மாற்ற வேண்டியிருக்கும்.

எத்தனை சாம்பிள்? 0, 0.5, 1, 2, 5 சதவீதம் என ஐந்து. ஐந்தும் ஒரே நாளில், ஒரே தண்ணீரில், ஒரே சல்ஃபைடு பாட்டிலில். பூஜ்ஜியத்தை விட்டுவிடாதீர்கள். ஆறாவதாக ஒன்றும் செய்யச் சொல்வேன்: மாசில்லாத துகளை முழுதாகச் செய்து முடித்த பிறகு, அதே இரண்டு சதவீத மாங்கனீசைக் கடைசியில் ஊற்றிக் கலக்குங்கள். இதில் மாங்கனீசு வெளித்திண்ணையில்தான் உட்காரும். தென் கரோலினா பல்கலைக்கழகத்தில் கேத்தரின் மர்ஃபியின் குழு 1996-லேயே இப்படி உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று செய்து பார்த்தது. உள்ளே இருந்த மாங்கனீசு ஆரஞ்சைக் கொடுத்தது, வெளியே இருந்தது கொடுக்கவில்லை. இந்த ஒரு சாம்பிள் உங்கள் ரிப்போர்ட்டை மற்ற முப்பது ரிப்போர்ட்டுகளிலிருந்து தனியே எடுத்து வைக்கும்.

ஒரு துகளில் எத்தனை அணு

இதை ஒரு முறை கையால் போட்டுப் பாருங்கள். 3 நானோமீட்டர் விட்டமுள்ள உருண்டையின் கனஅளவு சுமார் 14 கன நானோமீட்டர். துத்தநாக சல்ஃபைடின் அலகுக்கூட்டின் பக்கம் 0.541 நானோமீட்டர், கனஅளவு 0.158, அதில் நான்கு துத்தநாகம். வகுத்துப் பெருக்கினால் ஒரு துகளில் 350-க்குக் கொஞ்சம் மேல் துத்தநாக அணுக்கள். ஒரு சதவீதம் என்றால் மூன்றரை மாங்கனீசு. அரை அணு கிடையாது. ஒரு துகளுக்கு இரண்டு, இன்னொன்றுக்கு ஐந்து என்று சீட்டுக் குலுக்கின மாதிரி விழும். 0.3 சதவீதத்தில் சராசரி ஒன்று. பாய்சான் பரவல்படி அப்போது 37 சதவீதத் துகள்களில் ஒரு மாங்கனீசுகூட இருக்காது, அவை நீலமாகத்தான் மினுங்கும். அரை சதவீத சாம்பிளில் நீலமும் ஆரஞ்சும் சேர்ந்து வருவதற்கு வேறு காரணம் தேடும் முன் இந்தக் கணக்கைப் போடுங்கள்.

அதோடு, நீங்கள் ஊற்றிய சதவீதம் வேறு, உள்ளே போன சதவீதம் வேறு. நானோ படிகத்துக்குள் மாசு நுழைய அடம்பிடிக்கும். வளரும் படிகத்தின் மேற்பரப்பில் மாசு எவ்வளவு நேரம் ஒட்டி நிற்கிறது என்பதுதான் அதைத் தீர்மானிக்கிறது என்று ஸ்டீவன் எர்வின், டேவிட் நாரிஸ் முதலானோர் 2005-ல் நேச்சர் இதழில் காட்டினார்கள். ஈடேக்ஸில் (எலக்ட்ரான் நுண்ணோக்கியோடு சேர்ந்து வரும் தனிமப் பகுப்பாய்வு) ஒரு சதவீதத்துக்குக் கீழே வரும் எண்ணை நம்பாதீர்கள். அணு உறிஞ்சல் நிறமாலைமானி இருக்கும் இடம் தேடுங்கள். வேளாண்மைக் கல்லூரிகளின் மண் ஆய்வகங்களில் துத்தநாகமும் மாங்கனீசும் அவர்கள் அன்றாடம் பார்க்கும் நுண்ணூட்டங்கள். நம் பொடியை அமிலத்தில் கரைத்துக் கொடுத்தால் போதும். கரைக்கும்போது ஹைட்ரஜன் சல்ஃபைடு வரும். புகைக் கூண்டுக்குள், கொஞ்சமாக, தனியாக இல்லாமல்.

உறிஞ்சல் நிறமாலை

குவார்ட்ஸ் குவெட் (கருவிக்குள் சாம்பிள் வைக்கும் சின்னக் குப்பி) கேளுங்கள். பிளாஸ்டிக் குவெட் நமக்கு வேண்டிய இடத்தில் தானே உறிஞ்சும். பொடியை எத்தனாலில் கலக்கி, அல்ட்ராசானிக்கில் பத்து நிமிஷம் வைத்து, தெளிந்த மேல்பகுதியை எடுங்கள். கலங்கலாக இருந்தால் ஒளிச்சிதறல் ஒரு நீண்ட வாலை உண்டாக்கும். அதைக் கழிக்காமல், உறிஞ்சலிலிருந்து இடைவெளியைக் கணக்கிடும் டௌக் வரைபடம் போட்டால் இடைவெளி குறைந்தது போலக் காட்டும். 335-க்கும் 355-க்கும் இடையில் எங்காவது ஒரு குட்டிப் படிக்கட்டு தெரிந்தால், கருவி எந்த இடத்தில் டியூட்டீரியம் விளக்கிலிருந்து டங்ஸ்டனுக்கு மாறுகிறது என்று பாருங்கள். நிறையக் கருவிகளில் அந்த மாற்றம் சரியாக நம் விளிம்புக்குப் பக்கத்தில் நடக்கிறது.

டௌக் வரைபடத்தில் இது நேரடி இடைவெளி, ஆகவே உறிஞ்சல் எண்ணையும் ஃபோட்டான் ஆற்றலையும் பெருக்கி வரும் எண்ணின் வர்க்கத்தை ஆற்றலுக்கு எதிராக வரையுங்கள். நேர்க்கோட்டை எங்கே வைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து விடை 0.05 எலக்ட்ரான் வோல்ட் ஆடும். நண்பர் ஒருவரிடம் அதே கோப்பைக் கொடுத்துக் கோடு போடச் சொல்லுங்கள், புரியும்.

இப்போது என் முக்கியமான புகார். "மாசு 0-லிருந்து 5 சதவீதம் ஆனபோது இடைவெளி 4.10-லிருந்து 4.05 ஆனது, இது மாசூட்டலால்" என்ற வாக்கியத்தை எத்தனை முறை திருத்தியிருப்பேனோ! 3 நானோமீட்டர் துகளில் அடைப்பினால், அதாவது எலக்ட்ரானும் துளையும் சின்ன இடத்தில் அடைபடுவதால், கூடிய ஆற்றல் சுமார் 0.4. அது விட்டத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதமாகக் குறையும் என்று தோராயமாக வைத்தால், விட்டம் 3-லிருந்து 3.2 ஆனாலே 0.05 இறங்கிவிடும். எக்ஸ் கதிர் மேட்டின் அகலத்திலிருந்து துகளின் அளவைச் சொல்லும் ஷெரர் சமன்பாட்டில் 3 நானோமீட்டர் துகளின் 28.5 டிகிரி மேட்டுக்கு அகலம் 2.7 டிகிரி. அவ்வளவு அகலமான மேட்டில் 0.2 நானோமீட்டர் வித்தியாசத்தை உங்களால் சத்தியமாகப் பிரிக்க முடியுமா? மாசை மாற்றியபோது துகளின் அளவும் சேர்ந்து மாறவில்லை என்று காட்டாதவரை அந்த 0.05-க்கு மாங்கனீசைப் பொறுப்பாக்கக்கூடாது. "மாற்றம் பிழை எல்லைக்குள் உள்ளது" என்று எழுதினால் மதிப்பெண் குறையாது. குறைத்தால் என்னிடம் அனுப்புங்கள்.

ஒளிர்வு நிறமாலை, என் அவமானம் உட்பட

எம்.ஃபில். படித்த காலத்தில் 590-ல் ஊசி மாதிரி ஒரு பீக் கிடைத்தது. சந்தோஷத்தில் இரவு தூங்கவில்லை. ஒரு கருத்தரங்கில் போஸ்டர் வைத்தேன். வெள்ளை வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர் வந்து நின்று பார்த்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "எக்ஸைட்டேஷன் எவ்வளவும்மா?" 295 என்றேன். "ரெண்டால பெருக்குங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த போஸ்டருக்குப் போய்விட்டார்.

கருவிக்குள் ஒளியை அலைநீளவாரியாகப் பிரிக்கும் கீற்றணி 295-ஐ முதல் வரிசையில் 295-லும் இரண்டாம் வரிசையில் 590-லும் காட்டும். விளக்கின் ஒளி சாம்பிளில் சிதறி, மாங்கனீசு இருக்க வேண்டிய இடத்திலேயே வேஷம் போட்டு நின்றிருக்கிறது. நிஜமான மாங்கனீசு மேடு அகலமானது, பாதி உயரத்தில் 50 நானோமீட்டருக்கு மேல் விரியும். என்னுடையது ஊசி. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். இன்று என் மாணவர்களுக்கு இரண்டு கட்டளை. வெளிவரும் ஒளியின் பாதையில் 390-க்குக் கீழே வெட்டும் வடிகட்டி ஒன்று போடு. பிறகு தூண்டும் அலைநீளத்தை 290, 300, 310 என்று மாற்றிப் பார். பீக் 580, 600, 620 என்று கூடவே ஓடினால் அது விளக்கு. அசையாமல் 590 பக்கம் நின்றால் அது மாங்கனீசு. தண்ணீரில் சாம்பிள் இருந்தால் இன்னொரு வேஷதாரியும் உண்டு: 320-ல் தூண்டினால் 359 பக்கம் தண்ணீரின் ராமன் பீக் (தண்ணீர் மூலக்கூறு ஒளியைச் சிதறடிப்பதால் வருவது) வரும், அதுவும் தூண்டலோடு சேர்ந்து நகரும்.

அடுத்து, பெரும்பாலோர் எடுக்காத ஒரு நிறமாலை. வெளிவரும் ஒளியை 590-ல் நிறுத்திவிட்டு, தூண்டும் அலைநீளத்தை 250-லிருந்து 550 வரை ஓட்டுங்கள். துத்தநாக சல்ஃபைடின் விளிம்பில் பெரிய மேடு வந்தால், ஒளியை உறிஞ்சியது படிகம், வெளியிட்டது மாங்கனீசு என்று நிரூபணமாகிவிட்டது. வெளித்திண்ணைச் சாம்பிளில் இந்த மேடு படுத்துவிடும். கைவசம் பத்து நிமிஷம் மட்டும் இருக்கிறது என்றால், மற்ற அளவீடுகளை விட்டுவிட்டு இதை எடுங்கள்.

ஒளிர்வின் உயரத்தை ஒப்பிடும்போது எல்லாச் சாம்பிளும் தூண்டும் அலைநீளத்தில் ஒரே உறிஞ்சல் எண் காட்ட வேண்டும், அதுவும் 0.1-க்குக் கீழே. இல்லாவிட்டால் கரைசல் அடர்த்தியைத்தான் வரைபடமாகப் போடுகிறீர்கள். ஒழுங்காக ஒப்பிட்டால் ஒளிர்வு ஏறி, ஒரு உச்சம் தொட்டு, இறங்கும். என் செய்முறையில் உச்சம் இரண்டு சதவீதத்தை ஒட்டி வருகிறது, உங்களுடையது வேறாக இருக்கலாம். மாங்கனீசு அயனிகள் நெருங்கினால் ஆற்றல் ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கைமாறிக்கொண்டே போய், வழியில் ஒரு குறைபாட்டில் விழுந்து வெப்பமாகிவிடும். அதிகம் போட்டால் அதிகம் ஒளிரும் என்பது சாம்பாரில் உப்பு போடுகிற கதைதான்.

இப்போது அந்த வேக வித்தியாசம். 1994-ல் ஆர்.என். பார்கவாவும் கூட்டாளிகளும் ஃபிசிகல் ரிவ்யூ லெட்டர்ஸில் ஒரு கட்டுரை எழுதினார்கள். நானோ துகளில் மாங்கனீசின் ஆரஞ்சு ஒளி மில்லி வினாடியிலிருந்து நானோ வினாடிக்கு வேகமெடுத்துவிட்டது என்றார்கள். ஒரு பெரும் கூட்டமே இந்தத் துறைக்குள் நுழைந்தது. 1998-ல் உட்ரெக்டிலிருந்து போல், மெய்ஜரிங்க் இருவரும் திரும்ப அளந்தார்கள். மாங்கனீசின் ஆயுள் நானோ துகளிலும் மில்லி வினாடிதான், சுமார் 1.9. வேகமாகத் தேய்ந்தது மாங்கனீசு அல்ல, ஆரஞ்சுக்கு அடியில் வால் நீட்டிப் படுத்திருந்த குறைபாட்டு ஒளி. ஒரே அலைநீளத்தில் இரண்டு ஒளிகள் கலந்திருக்கலாம் என்பதைப் பெரிய ஆட்களே தவறவிடும்போது நாம் தவறவிடுவதில் அதிசயமில்லை. உங்கள் கருவியில் பளிச்சிடும் செனான் விளக்கும் பாஸ்பரசென்ஸ் என்ற அமைப்பும் இருந்தால், 0.1 மில்லி வினாடி தாமதம் வைத்து எடுங்கள். நீலம் மொத்தமாகக் காணாமல் போகும், ஆரஞ்சு மட்டும் சுத்தமாக நிற்கும். நான் முதல் முறை அதைப் பார்த்தபோது லேப் அண்ணாச்சியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இதுக்கா இவ்வளவு சத்தம் போட்டீங்க டீச்சர்" என்றார்.

காசு இருந்தால் சென்னை ஐஐடி வளாகத்து சைஃபுக்கு (வெளியாட்களுக்கும் அளந்து கொடுக்கும் நுண்கருவி மையம்) எலக்ட்ரான் பாராகாந்த ஒத்திசைவுக்கு அனுப்பலாம். மாங்கனீசின் அணுக்கருச் சுழற்சி 5/2, அதனால் ஆறு கோடுகள் விழும். கோடுகளுக்கு இடையே 6.9 மில்லிடெஸ்லா பக்கம் இடைவெளி என்றால் படிகத்துக்குள், 9-ஐ ஒட்டி என்றால் மேற்பரப்பில். நிறையச் சாம்பிளில் இரண்டும் சேர்ந்தே வரும்.

மாங்கனீசுக்குப் பதில் வேறொன்று

தாமிரம் ஊட்டினால் பச்சை, வெள்ளி ஊட்டினால் நீலம். பழைய டப்பா டிவியின் திரையில் நீலப் புள்ளி வெள்ளி ஊட்டிய துத்தநாக சல்ஃபைடு, பச்சைப் புள்ளி தாமிரம் ஊட்டியது. ஊரில் பைக் நம்பர் பிளேட்டில் ஒட்டும் எல்லாவற்றையும் ரேடியம் என்கிறோமே, அந்தப் பேரின் வேர்கூட இங்கேதான். பழைய கைக்கடிகார முள்ளில் ரேடியம் கதிர்வீச்சைக் கொடுக்க, அதை வாங்கி ஒளிர்ந்தது தாமிரம் ஊட்டிய துத்தநாக சல்ஃபைடு. இன்றைய ஸ்டிக்கரில் ரேடியமும் இல்லை, பெரும்பாலும் ஒளிர்தலும் இல்லை.

தாமிரத்தில் ஒரு வித்தியாசம் கவனியுங்கள். அது இடைவெளிக்குள் ஒரு மட்டத்தை மட்டும் போடுகிறது. எலக்ட்ரான் மேலே கடத்துப் பட்டையிலிருந்தோ அதை ஒட்டிய மட்டத்திலிருந்தோ அதற்குள் விழுகிறது. மேல்முனை துகளின் அளவோடு நகர்வதால் பச்சை பீக்கும் நகரும். மாங்கனீசு நகராது, தாமிரம் நகரும். அடுத்த வருஷத்து ப்ராஜெக்ட்டுக்குத் தலைப்பு இதுவே போதும். துத்தநாக ஆக்ஸைடில் அலுமினியம், இண்டியம் ஆக்ஸைடில் வெள்ளீயம் என்று எலக்ட்ரானைக் கூட்டும் மாசு முற்றிலும் வேறு கதை. அங்கே கடத்துப் பட்டையின் அடிமட்டம் நிரம்பிவிடுவதால் உறிஞ்சும் விளிம்பு நீலப் பக்கம் ஏறும். அதன் பெயர் பர்ஸ்டைன் மாஸ் விளைவு. போன் தொடுதிரையில் வெள்ளீயம் ஊட்டிய இண்டியம் ஆக்ஸைடுதான் இருக்கிறது. நம் மாங்கனீசு சாம்பிளில் அந்தப் பெயரை இழுக்காதீர்கள், கூடுதல் எலக்ட்ரானே இல்லாத இடத்தில் அந்த விளைவு எங்கிருந்து வரும்?

பொடியை ஒளி படாத குப்பியில், டெசிகேட்டருக்குள் வையுங்கள். லேபிளில் சதவீதம் மட்டும் போதாது, தேதியும் சல்ஃபைடு பாட்டில் எந்த பாட்டில் என்பதும் வேண்டும். மிச்சமான சல்ஃபைடு கரைசலைக் கழுவுத்தொட்டியில் ஊற்றாதீர்கள். வேதியியல்காரர்கள் அதே குழாயில் அமிலம் ஊற்றியிருப்பார்கள், அழுகிய முட்டை நாற்றத்தில் கட்டிடத்தையே காலி செய்ய வேண்டிவரும். தனிப் பீக்கரில் வைத்து, மிச்சத் துத்தநாக அசிடேட்டைக் கொட்டி வெள்ளையாக வீழ்படிவாக்கி, வடிகட்டி, கழிவு டப்பாவில் போடுங்கள். துத்தநாகம் தீர்ந்துபோனால் அண்ணாச்சியிடம் கேளுங்கள், மேல் தட்டில் வலது மூலையில் ஒரு பாட்டில் வைத்திருக்கிறார்.